தஞ்சோராவில் ஏறினால் தலையாட்டி பொம்மை ஆகிவிடுவோமா?

மேடவாக்கம் அப்பா:

திருப்போரூர் வொண்டர்லா பொழுதுபோக்குப் பூங்காவை 2025 டிசம்பரில் திறக்கிறார்கள் என்றதிலிருந்து எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் வேறு பேச்சே இல்லை. 611 கோடி, 64 ஏக்கர், 43 ரைடு என்று மச்சினன் தினமும் ஒரு வீடியோ தட்டிவிடுகிறான். மற்ற 42 எப்படி இருந்தாலும் எனக்குச் சரி. நான் காத்திருப்பது தஞ்சோரா ஒன்றுக்குத்தான். தண்டவாளம் தலைக்கு மேலே ஓட, நாம் அதற்குக் கீழே காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகிற இன்வெர்ட்டட் ரோலர் கோஸ்டர். சுவிட்சர்லாந்து பி அண்டு எம் கம்பெனி செய்தது, அந்தக் கம்பெனியின் இந்தத் தொங்கும் வகை கோஸ்டர் இந்தியாவுக்கு வருவது இதுதான் முதல் தடவை. பத்து வருஷமாக யூடியூபில் வெளிநாட்டுக்காரன் ஏறுவதைப் பார்த்து வயிறெரிந்தவன் நான். அது கேளம்பாக்கம் தாண்டி இள்ளலூருக்கு வருகிறது என்றால் நம்பத்தான் கஷ்டமாக இருக்கிறது.

ஏன் கஷ்டம் என்றும் சொல்லிவிடுகிறேன். நான் வளர்ந்தது தொண்ணூறுகளின் பூங்காக்களில். ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) கோஸ்டரில் உட்கார்ந்ததும் மடிமேல் இறக்கிய கம்பி பூட்டிக்கொள்ளவில்லை. வண்டி விடுகிற பையன் வந்து இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் போனான், ஒரு நீல நைலான் கயிற்றோடு திரும்பி வந்தான். கன்றுக்குட்டியைக் கட்டுவது போல கம்பியையும் சீட்டையும் சேர்த்து இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு "கெட்டியா பிடிச்சுக்கோங்க" என்றான். நானும் பிடித்துக்கொண்டேன், என்ன செய்ய, டிக்கெட் வாங்கியாச்சே.

இப்போது சந்தேகங்கள். தஞ்சோரா என்ற பெயரைக் கேட்டதும் வீட்டுக்காரி சொன்னாள், "தஞ்சாவூர்னா தலையாட்டி பொம்மைதானே, இறங்கும்போது நீங்களும் அப்படித்தான் இறங்குவீங்க" என்று. சிரித்தேன், ஆனால் பயம் வந்துவிட்டது. வெளியூரில் ஒரு பூமராங் வகை கோஸ்டரில் ஏறி இரண்டு பக்கக் காதும் அந்தத் தோள் பட்டையில் மாறி மாறி இடித்து மூன்று நாள் கழுத்தில் மூவ் தடவிக்கொண்டு திரிந்தவன் நான். இதுவும் அப்படித்தானா? அப்புறம் மழைக்காலத்தில் திறக்கிறார்களே, கரண்ட் போனால் நடுவழியில் தொங்க வேண்டியதுதானா? மே மாதம் ஈசிஆரில் ஒரு ரைடு உயரத்திலேயே நின்று, மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டவர்களைத் தீயணைப்புத் துறை வண்டி வந்து இறக்கியதை எல்லாரும் டிவியில் பார்த்தோம். என் மகளுக்குப் பத்து வயது, உயரம் 136. அவளை ஏற்றுவார்களா? எல்லாவற்றுக்கும் மேலாக, ஆளுக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாய் பக்கம் கொடுத்துப் போய் மூன்று மணி நேரம் வரிசையில் நின்று இரண்டு நிமிடம் ஏறிவிட்டு வருவதற்கா இந்தப் பாடு? முதல் மாதமே போகலாமா, பொறுக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒஹையோ ரிட்டர்ன்:

அண்ணா, தலையாட்டி பொம்மை விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் ஆன்சைட்டில் அமெரிக்காவின் கொலம்பஸில் இருந்த நான்கு வருஷமும் கோடை வந்தால் சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் கார் ஓட்டி சிடார் பாயிண்ட் பூங்காவுக்குப் போவதே எனக்கு வேலை. அங்கே ராப்டர் என்று ஒன்று இருக்கிறது, இதே கம்பெனி, இதே தொங்கும் வகை, 1994-இல் வைத்தது. 137 அடி உயரம், மணிக்கு 92 கிலோமீட்டர் பக்கம் போகும், ஆறு தடவை தலைகீழ். இந்த வகையையே முதலில் கொண்டுவந்தது பி அண்டு எம்தான், 1992-இல் சிகாகோ பக்கத்து சிக்ஸ் ஃப்ளாக்ஸ் பூங்காவில் பேட்மேன் பெயரில்.

நீங்கள் ஏறிய பூமராங் வேறு ஜாதி, அதை வைத்து இதை எடை போடாதீர்கள். பி அண்டு எம் தண்டவாளத்தை முறுக்கும்போது கம்பியை மையமாக வைத்து முறுக்க மாட்டான், உட்கார்ந்திருப்பவனின் நெஞ்சுப் பக்கத்தை மையமாக வைத்து முறுக்குவான். அதனால் உடம்பு நின்ற இடத்திலேயே சுழல்கிற மாதிரி இருக்கும், தலை ஒரு பக்கம் தூக்கி எறியப்படாது. கால்தான் வீசிக்கொண்டு போகும். முதல் தடவை சுழலின் உச்சியில் என் ஷூவுக்குப் பின்னால் வானம் தெரிந்தது, அதாவது காலுக்குக் கீழே வானம், தலைக்கு மேலே பக்கத்து ஈரி ஏரியின் தண்ணீர். கத்தக்கூட வரவில்லை.

ஆனால் ஒன்று, பொய் சொல்லக் கூடாது. ராப்டரில் கடைசி இரண்டு வரிசையில் அதிர்வு உண்டு, பற்கள் கடகடவென்று ஆடும். அது வயசான வண்டி. புதுசில் ஏறுபவர்கள் கொடுத்துவைத்தவர்கள், அந்த வகையில் முதல் வருஷமே போய்விடுவது நல்லது. தலையைப் பின்னால் சாய்த்து அழுத்தி வைத்துக்கொள்ளுங்கள், குனிந்து காலைப் பார்க்க ஆசைப்படாதீர்கள், அப்போதுதான் காது அடிபடும்.

பாப்பா உயரம்: ராப்டருக்கு 54 அங்குலம், அதாவது 137 சென்டிமீட்டர். இந்த வகை ரைடுகளில் பெரும்பாலும் அதைச் சுற்றித்தான் கேட்பார்கள். பத்து வயசுப் பெண்ணுக்கு ஒரு சென்டிமீட்டர் எல்லாம் பொங்கலுக்குள் வந்துவிடும்.

அம்பத்தூர் ஃபிட்டர்:

மேடவாக்கம் சார், கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதற்கு நீங்கள் சுவிட்சர்லாந்து வரை போக வேண்டாம், ரோட்டில் போகிற லாரியைப் பாருங்கள். லாரியின் ஹேண்ட்பிரேக் ஸ்பிரிங்கில் பிடித்திருக்கும், காற்று அழுத்தம் வந்தால்தான் விடும். காற்று இல்லையா, தானாகப் பிடித்துக்கொள்ளும். கோஸ்டர் பிரேக்கும் அதே கதைதான். பிடிப்பதற்குக் கரண்டும் வேண்டாம், காற்றும் வேண்டாம், விடுவதற்குத்தான் வேண்டும். ஏற்றத்தில் ஏறும்போது டக் டக் டக் என்று ஒரு சத்தம் வருமே, அது சைக்கிள் ஃப்ரீவீலில் வருகிற மாதிரி ஒரு நாக்கு பல்லில் விழுகிற சத்தம். செயின் அறுந்தாலும் வண்டி பின்னால் இறங்காது. ஏற்றத்தை ஒட்டியே படிக்கட்டு இருக்கும், நடத்திக் கூட்டி வந்துவிடுவார்கள். மே மாதம் மாட்டிக்கொண்டது ஆளை உயரே தூக்கிப் போகிற வகை, அதில் பக்கத்தில் இறங்க வழி கிடையாது, அதனால்தான் வெளியிலிருந்து வண்டி வரவேண்டியதாயிற்று.

உச்சியைத் தாண்டிவிட்டால் அதற்கப்புறம் மோட்டாரே கிடையாது, வெறும் புவியீர்ப்பு. தண்டவாளத்தைப் பல பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு வண்டிக்கு மேல் இருக்க விடாது சிஸ்டம், ரயில்வே சிக்னல் மாதிரி. திறப்பதற்கு முன்னால் சீட்டுகளில் தண்ணீர் நிரப்பிய பொம்மைகளை வைத்து நூற்றுக்கணக்கான தடவை சும்மா ஓட்டிப் பார்ப்பார்கள். நம்ம நைலான் கயிறு காலம் இல்லை சார் இது.

எனக்குப் பயம் வேறு. கம்பெனி நல்ல கம்பெனி, முதல் வருஷம் எல்லாம் நன்றாகத்தான் ஓடும். ஐந்தாவது வருஷம்? கடல் அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். அந்த உப்புக் காற்று என்ன செய்யும் என்று ஈசிஆரில் வீடு கட்டியவனைக் கேளுங்கள், கேட் கீலே மூன்று வருஷத்தில் துருவேறி நிற்கும். சக்கரத்துக்கு மேலே போர்த்தியிருப்பது பாலியூரித்தேன், நம்ம மே மாத வெயிலில் அது சீக்கிரம் தேயும், தேய்ந்ததை உடனே மாற்ற ஸ்டாக் வைத்திருக்க வேண்டும். தினமும் காலையில் திறப்பதற்கு முன்னால் ஒருத்தன் தண்டவாளத்தோடு ஏறி நடந்து ஒவ்வொரு போல்ட்டாகப் பார்க்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியை முழுசாகப் பிரித்து விரிசல் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இதெல்லாம் செலவு, டிக்கெட்டில் தெரியாத செலவு. 'பராமரிப்புக்காக மூடப்பட்டுள்ளது' என்று போர்டு பார்த்தால் திட்டாதீர்கள். போர்டே மாட்டாத இடத்துக்குத்தான் நான் போக மாட்டேன்.

ஒரு சுவாரஸ்யம், பி அண்டு எம் வண்டி ஓடும்போது இரைச்சல் பயங்கரமாக இருக்கும், ஏனென்றால் அந்தப் பெட்டித் தண்டவாளம் உள்ளே வெறும் கூடு, மத்தளம் மாதிரி. சில ஊர்களில் அக்கம்பக்கத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று உள்ளே மணல் கொட்டி நிரப்புகிறார்கள்! இங்கே கொட்டியிருக்கிறார்களா தெரியாது, கொட்டாமல் இருந்தால் எனக்குச் சந்தோஷம், அந்தச் சத்தத்தில் பாதி சுகம்.

ஓஎம்ஆர் கைதி:

எல்லாரும் ரைடு பற்றியே பேசுகிறீர்கள். ரைடு நன்றாகத்தான் இருக்கும், யார் இல்லை என்றது. கணக்குப் போடுங்கள். ஒரு வண்டியில் 20 பேர், மூன்று நிமிஷத்துக்கு ஒரு வண்டி கிளம்புகிறது என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 400 பேர். சனிக்கிழமை 5000 பேர் வந்து அதில் பாதிப் பேர் தஞ்சோராவுக்கு வந்தால் அவ்வளவு பேரையும் ஏற்ற ஆறேகால் மணி நேரம். இரண்டாவது வண்டியும் ஓடினால் பாதியாகக் குறையும். அதனால் நான் கேட்கும் ஒரே கேள்வி, எத்தனை வண்டி ஓட்டுவீர்கள், வார நாளில் கூட்டம் இல்லை என்று ஒன்றை ஓரம் கட்டிவிடுவீர்களா? இதற்குப் பதில் கிடைத்த பிறகுதான் என் பர்ஸ் திறக்கும்.

இதில் மூன்று நிமிஷம் என்பதே தாராளம். நம் ஆட்கள் ஏறுகிற அழகைப் பார்த்திருக்கிறீர்களா? நண்பர்கள் நான்கு பேரும் ஒரே வரிசையில்தான் உட்காருவோம் என்று ஒரு பஞ்சாயத்து, செல்போனை பாக்கெட்டிலிருந்து எடுக்க மாட்டேன் என்று ஒரு பஞ்சாயத்து. அங்கேயே ஐந்து நிமிஷம் போய்விடும்.

போகும் வழி தனிக் கதை. நாவலூரிலிருந்து கேளம்பாக்கம் தாண்டுவதற்குள்ளேயே கோஸ்டர் அனுபவம் இலவசமாகக் கிடைத்துவிடும், மெட்ரோ பள்ளம் உபயம். தாம்பரம் பக்கம் இருப்பவர்கள் 515 பஸ் பிடித்து திருப்போரூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பார்ப்பது மேல்.

நாவலூர் அக்கா:

கைதி தம்பி சொன்ன பஞ்சாயத்தில் ஒன்று விட்டுப்போச்சு, செருப்பு. கால் தொங்குகிற ரைடு என்றால் செருப்போடு ஏற விடமாட்டார்கள். ஒஹையோவில் எல்லாரும் ஷூ போட்டு வருவார்கள், இங்கே முக்கால்வாசிப் பேர் செருப்புதான். பிளாட்ஃபார்ம் ஓரத்தில் கோயில் வாசல் மாதிரி குவிந்து கிடக்கும், இறங்கி வந்து உங்கள் ஜோடியைத் தேடுவதற்குள் அடுத்த வண்டியே போய்விடும். வார் போட்ட சாண்டல் போட்டுக்கொண்டு வாருங்கள், அல்லது ஷூ. துப்பட்டா, புடவை, பெரிய ஜிமிக்கி எல்லாவற்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கண்ணாடி போடுபவர்கள் பின்னால் கட்டுகிற எலாஸ்டிக் வாங்கிக்கொள்ளுங்கள். என் பையன் வேறொரு பூங்காவில் நாலாயிரம் ரூபாய் கண்ணாடியைப் பறக்கவிட்டுவிட்டுத் திரும்பும் வழி முழுக்க என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

டிசம்பர் வேண்டாம் என்பது என் கருத்து. புயல் சின்னம் என்று வானிலையில் சொன்னாலே அன்றைக்கு உயரமான ரைடு எதுவும் நிச்சயமில்லை, இடி மின்னல் என்றால் நிறுத்தித்தான் ஆக வேண்டும். லேசான தூறலில் ஓட்டினாலும் அந்த வேகத்தில் மழைத்துளி முகத்தில் ஊசி குத்துகிற மாதிரி விழும்.

ஒஹையோ ரிட்டர்ன்:

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. கைதி ப்ரோ, கணக்கு சரிதான், ராப்டரில் ஒரு வண்டிக்கு 32 பேர், மூன்று வண்டி ஓடும், அப்படியும் ஜூலை சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறேன். வழி ஒன்றுதான், கேட் திறந்ததும் வேறு எதையும் பார்க்காமல் நேராக இதற்கு ஓடுவது. நம் ஊர்க்காரர்கள் மதியத்துக்கு மேல் எல்லாரும் தண்ணீர்ப் பக்கம் போய்விடுவார்கள், அப்போது இரண்டாவது தடவை ஏறலாம். முதல் தடவை முன் வரிசை, கண்ணுக்கு முன்னால் எதுவுமே இருக்காது. இரண்டாவது தடவை பின் வரிசை, இறக்கத்தில் பிடித்து இழுக்கும்.

உள்ளாட்சி வரிப் பேச்சுவார்த்தையிலேயே இந்தப் பூங்கா எத்தனை வருஷம் இழுத்தது என்பதை நினைத்தால், வரிசையில் இரண்டு மணி நேரம் பெரிசாகத் தெரியவில்லை எனக்கு.

மேடவாக்கம் அப்பா:

எல்லாருக்கும் நன்றி. ஃபிட்டர் சாரின் லாரி பிரேக் விளக்கத்தை வீட்டில் படித்துக் காட்டினேன், வீட்டுக்காரிக்கு அதில் பாதி சமாதானம், "ஐந்தாவது வருஷம்" என்ற வரியில் மீதியும் போய்விட்டது. முடிவு இதுதான், பொங்கல் விடுமுறைக் கூட்டம் வடிந்தபிறகு, ஜனவரி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆபீசுக்கு லீவு. அதற்குள் முதலில் போய்வந்தவர்கள் எத்தனை வண்டி ஓடுகிறது என்று இங்கே எழுதிவிடுங்கள்.

மகளைச் சுவரோடு நிற்கவைத்து இன்று மறுபடி அளந்தேன். 136.5. தினமும் தூளிக்கம்பியில் தொங்கினால் வளருமா என்று கேட்கிறாள்.

நாவலூர் அக்கா:

தொங்கட்டும், கோஸ்டருக்கும் பழக்கமாகும். அளக்கும்போது கொண்டையை அவிழ்த்துவிட்டு அளந்தீர்களா?

மேடவாக்கம் அப்பா:

இல்லை அக்கா. 😐