நாசர் வழக்கில் கொடுத்த 500 மில்லியன் டாலர் யார் பணம்?

கேள்வி (மிச்சிகன் அப்பா):
மகளுக்கு மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஃபீஸ் கணக்கு போட்டுக்கொண்டிருந்தபோது மனைவி கேட்டாள்: "அந்த டாக்டர் வழக்குக்குக் கொடுத்த பணமும் இதில்தான் வருமா?" எனக்குப் பதில் தெரியவில்லை. 2018-இல் 500 மில்லியன் டாலருக்கு சமரசம் ஆனது என்பதும், சிகிச்சை என்ற பெயரில் பெண்களிடம் பாலியல் அத்துமீறல் செய்த அந்தப் பல்கலைக்கழக டாக்டர் லாரி நாசர் சிறையில் இருக்கிறான் என்பதும் தெரியும். அவனை வேலையில் வைத்திருந்தவர்கள் என்ன ஆனார்கள்?

பதில் 1 (லான்சிங் பழசு):
அந்த ஊரில்தான் இருபது வருடமாக இருக்கிறேன். 425 மில்லியன் பாதிக்கப்பட்ட 332 பேருக்கு. 75 மில்லியன் பிறகு புகாரோடு வருபவர்களுக்கென்று ஒதுக்கியது. இதற்காகக் கடன் பத்திரம் வெளியிட நிர்வாகக் குழு ஒப்புதல் தந்தது. கடன் என்றால் வருடக்கணக்கில் அடைக்க வேண்டும். அடைக்கிற டாலரில் இது ஃபீஸ், இது வட்டி என்று எழுதியா இருக்கிறது? உங்கள் மனைவி சரியாகத்தான் கேட்டிருக்கிறார்.

எனக்குப் பணத்தைவிட 2014-தான் உறுத்துகிறது. அந்த வருடம் ஒரு பெண் நாசர் மீது புகார் கொடுத்தார். பல்கலைக்கழகமே விசாரித்தது. கருத்துச் சொன்ன நிபுணர்கள் எல்லாரும் அதே பல்கலைக்கழகத்தோடு தொடர்புள்ளவர்கள். 'அது சிகிச்சைதான்' என்று முடித்துவிட்டு, அந்தரங்கமான இடங்களில் சிகிச்சை செய்யும்போது அறையில் இன்னொருவர் இருக்க வேண்டும் என்பது போன்ற சில நிபந்தனைகளை மட்டும் போட்டார்கள். அவற்றை யாரும் கண்காணிக்கவில்லை. 2016 ஆகஸ்ட் கடைசியில் நிறுத்தப்படும்வரை அவன் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். செப்டம்பரில் இண்டியானாபொலிஸ் ஸ்டார் பத்திரிகையில் செய்தி வந்தது.

2018 ஜனவரியில் அவனுக்குத் தண்டனை விதிக்கும் முன் கோர்ட்டில் ஏழு நாள், 156 பேரின் வாக்குமூலம். ஆபீஸில் ஒரு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். இரண்டாம் நாளுக்கு மேல் முடியவில்லை.

நீங்கள் கேட்ட 'வைத்திருந்தவர்கள்' கதைக்கு வருகிறேன். நாசருக்கு மேலதிகாரியாக இருந்த மருத்துவக் கல்லூரி டீன் ஸ்ட்ராம்பெலுக்கு ஒரு வருடம் சிறை. அந்த நிபந்தனைகளைக் கவனிக்காமல் விட்டதும் அவர் மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று. பல்கலைக்கழகத் தலைவர் லூ அன்னா சைமன் பதவி விலகினார். போலீசிடம் பொய் சொன்னதாக அவர் மீது போட்ட வழக்கு 2020-இல் தள்ளுபடியானது. மத்திய கல்வித்துறை 2019-இல் பல்கலைக்கழகத்துக்கு 4.5 மில்லியன் டாலர் அபராதம் விதித்தது. இந்த விவகாரம் பற்றிய ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களைப் பல்கலைக்கழகம் 'வக்கீல் ரகசியம்' என்று பூட்டி வைத்திருந்தது. மாநில அட்டர்னி ஜெனரல் (அரசுத் தலைமை வக்கீல்) கைக்கு அவை போனது 2024-இல்தான்.

பதில் 2 (சட்டம் படிக்கிறவன்):
சமரசத்தில் கையெழுத்து போட்டால் தப்பை ஒப்புக்கொண்டதாக ஆகாது. ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அங்கே வேலை செய்த டாக்டர் ஸ்ட்ராஸ் 177 மாணவர்களிடம் முறைகேடாக நடந்தான் என்று பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்த விசாரணையே 2019-இல் சொன்னது. ஆனால் கோர்ட்டில் அதே பல்கலைக்கழகம், 'வழக்கு போடக் காலம் கடந்துவிட்டது' என்று வாதாடியது! 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அடுத்த வருடம் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. ஸ்ட்ராஸ் 2005-இலேயே செத்துவிட்டான்.

மிச்சிகன் அப்பா:
நன்றி, பழசு அண்ணா. மனைவிக்குப் படித்துக் காட்டினேன். ஓரியன்டேஷன் அன்று ஃபீஸ் பற்றிக் கேட்க வேண்டாம் என்கிறாள். பரிசோதனை அறையில் இரண்டாவது ஆள் இருக்கிறாரா என்று யார் பார்க்கிறார், அவர் பெயர் என்ன என்று கேட்கச் சொல்கிறாள்.