பழைய யப்பான் டிக் மெசினை 230 இல் நேரே கொழுவலாமா?

வட்டக்கச்சி வெல்டர்:
பழைய டிக் மெசின் (ஆகன் வாயு விட்டு டங்ஸ்டன் முனையால் ஒட்டும் வெல்டிங் மெசின்) வாங்க நினைக்கும் ஒரு தம்பிக்கு இங்கே மாங்குளம் கராஜ் என்பவர் எழுதிய பதிலை வாசித்ததிலிருந்து எனக்குப் பொறுக்கவில்லை. அவர் சொன்னது இது: "யப்பான் சாமான் என்றால் யோசிக்காமல் எடு. தகட்டில் 200 வோல்ட் என்று இருக்கும். அதைப் பார்க்காதே, எங்கள் 230 இல் நேரே கொழுவு, ஓடும்."

அந்தத் தம்பி கடன் எடுத்துப் பட்டறை போடப்போகிறவர். அவருக்கு இப்படியா புத்தி சொல்வது? எங்கள் லைன் 230 என்பது பேச்சுக்குத்தான். 6 வீதம் ஏறி இறங்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது. அதாவது 244 வரை வரும். இரவு ஊர் அடங்கிய பிறகு மீற்றரை வைத்துப் பாருங்கள். எலக்ட்ரோனிக் போர்ட் வைத்த இன்வேட்டர் மெசினுக்குள் அது டிசியாக, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்னாக மாறும்போது 1.41 மடங்காகும். 200 க்கு 283 வர வேண்டிய இடத்தில் 244 க்கு 345 வந்து நிற்கும். உள்ளே இருப்பவை எதற்குக் கணக்குப் பார்த்து வைத்த சாமான்கள்?

மாங்குளம் கராஜ்:
என் மெசின் 200 தான். 230 இல்தான் நிற்கிறது. காலபோக வெட்டுக்கு முன்னால் வந்த சூடடிக்கும் மெசின், லாண்ட்மாஸ்டர் பெட்டி, மில்லுக்குச் செய்த ஸ்ரெயின்லெஸ் தட்டு எல்லாம் அதால்தான் ஒட்டினேன். எரியவில்லை. உள்ளே மின்னைத் தேக்கி வைக்கும் கப்பாசிற்றரின் உடம்பிலேயே 400 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. 345 பெரிதா, 400 பெரிதா?

வட்டக்கச்சி வெல்டர்:
புதிதாக இருந்தபோது 400. தொழிற்சாலையில் வருடக்கணக்காக உழைத்து, காய்ந்துபோய்க் கப்பலில் வந்த கப்பாசிற்றருக்கும் அதே 400 தானா? இது இன்வேட்டருக்கு. இரும்புக் கட்டையில் கம்பி சுற்றிய பழைய ட்ரான்ஸ்போமர் மெசின் என்றால் இன்னும் மோசம். யப்பானில் டோக்கியோப் பக்கம் 50 ஹேர்ட்ஸ், ஒசாக்காப் பக்கம் 60. 60 க்கு மட்டும் செய்த 200 வோல்ட் மெசினை எங்கள் 50 இல் 230 கொடுத்துப் போட்டால், கட்டைக்குள் காந்தம் 38 வீதம் கூடுதலாக ஏறும். ஒட்டாமல் சும்மா நிற்கும்போதே உறுமும், சுடும். 200 என்றால் 200. ஒரு ட்ரான்ஸ்போமர் போட்டு இறக்கிக் கொடுங்கள்.

அறிவியல்நகர் மாணவன்:
அண்ணைமார், முதலில் அந்த மெசின் இன்வேட்டரா, இரும்புக் கட்டையா, ஒரு பேஸா, மூன்று பேஸா என்று கேட்டால் என்ன? தகட்டில் சிலவற்றுக்கு 200–220 என்று இருக்கும், சிலவற்றுக்குப் பின்னால் மாற்றிக் கொழுவும் முனையும் இருக்கும். அது தெரியாமல் இரண்டு பேரும் பேசுகிறீர்கள்.

மாங்குளம் கராஜ்:
தம்பி அறிவியல்நகர் ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் படிக்கிறார் போல. 2016 இல் திறந்த கட்டடத்துக்குள் புது மெசினில் பழகியவர்கள் எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். மீள்குடியேறி வந்தபோது ஜெனரேற்றரில் வெல்டிங் பிளாண்டைக் கொழுவித்தான் ஊருக்குக் கதவு நிலை செய்தோம். அந்த ஜெனரேற்றரில் வோல்ட் நேராகவா நின்றது?

வட்டக்கச்சி வெல்டர்:
அந்தப் பொடியன் கேட்டதில் என்ன பிழை? ஜெனரேற்றரில் ஓடியது கம்பி சுற்றிய சாதாரண பிளாண்ட். டிக் மெசினுக்குள் போர்ட் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசாதீர்கள். 244 க்குப் பதில் சொல்லுங்கள்.

புதுக்குடியிருப்பான்:
வோல்ட்டை விடுங்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அலுமினியமும் ஒட்டும் என்று சொல்லித்தான் ஒருவர் எனக்குத் தந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் டிசி மட்டும். அலுமினியம் 660 பாகையில் உருகும், அதன் மேல் படலம் 2000 க்கு மேல்தான் உருகும். அந்தப் படலத்தை உடைக்க ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடும் மின் வேண்டும். ஏசி இல்லாத மெசினில் அலுமினியப் படகு வேலையும் இல்லை, ரேடியேற்றரும் இல்லை. முல்லைத்தீவுக் கரை வேலையை நம்பி எடுத்த காசு போனது. முதலில் ஏசி இருக்கிறதா என்று பாருங்கள் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

வட்டக்கச்சி வெல்டர்:
நல்ல விசயம், அதையும் பார்க்க வேண்டும். மூடியைக் கழற்றித் தூசி, எறும்புக் கூடு, வீங்கின கப்பாசிற்றர் பார்க்க வேண்டும். டோர்ச் சுவிட்சை அமத்தினால் ஆகன் வால்வ் அடிக்கும் சத்தம் கேட்க வேண்டும், டங்ஸ்டன் இரும்பில் தொடாமலே பொறி பறக்க வேண்டும், ஒட்டி நிறுத்திய பிறகும் ஆகன் கொஞ்ச நேரம் வர வேண்டும். விற்கிறவர் ஒரு பொட்டு வைத்துக் காட்டுவார், அதை நம்பக்கூடாது. தகட்டில் 200 ஆம்பியருக்கு 40 வீதம் என்று இருந்தால் 10 நிமிடத்தில் 4 நிமிடம் விடாமல் ஓட வேண்டும். ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஆனால் இவ்வளவும் சரியாக இருந்த மெசினைக்கூட, 200 ஐக் கொண்டுபோய் 244 இல் கொழுவினால் நாசம்தான்.

மாங்குளம் கராஜ்:
திரும்பவும் 244. ட்ரான்ஸ்போமர் போடு என்று சொல்லுகிறீர்கள். 200 ஆம்பியர் டிக்குக்கு 6 கேவிஏ அளவில் வேண்டும். அதற்கு யார் காசு கொடுப்பது? இல்லாதவன் இருப்பதை வைத்துத்தான் தொழில் செய்வான். அதோடு, போன சிறுபோகத்தில் நீங்கள் ஒட்டிக் கொடுத்த கலப்பைச் சட்டம் வெடித்து என்னிடம்தான் வந்தது. சரியான வோல்ட்டில் ஒட்டினதுதானே?

வட்டக்கச்சி வெல்டர்:
அந்தச் சட்டம் டிக் வேலையே இல்லை, ஈரம் பிடித்த வெல்டிங் குச்சியால் வேறு ஒருவர் மேலே ஒட்டினது. ஊருக்கே தெரியும். கதையை மாற்றாதீர்கள். எரிந்த போர்டுக்குக் கொடுக்கிற காசில் இரண்டு ட்ரான்ஸ்போமர் வாங்கலாம். 200 என்று செய்தவன் எழுதியிருக்கிறான். அவனைவிட உங்களுக்குத் தெரியுமா?

முள்ளியவளை:
இரண்டு பேரும் சிவப்பு முனை டங்ஸ்டன்தானே பாவிக்கிறீர்கள்? அதில் 2 வீதம் தோரியம், கதிர்வீச்சுள்ள சாமான். கிரைண்டரில் தீட்டும்போது அந்தத் தூசி நெஞ்சுக்குள் போகிறது. முதலில் அதைப் பேசுங்கள். லந்தனம் போட்டதை வாங்கலாம்.

மாங்குளம் கராஜ்:
சிவப்பு முனையால்தான் எல்லாரும் ஒட்டுகிறார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை.

முள்ளியவளை:
நெஞ்சுக்குள் போனது இன்றைக்கே தெரியுமா? உங்கள் பட்டறையில் நிற்கிற பொடியன்களுக்கு மூக்குக்கு ஒரு துணியாவது கொடுத்திருக்கிறீர்களா?

மெசின் தேடும் தம்பி:
அண்ணைமார், விற்கிறவரிடம் கேட்டேன். மூன்று பேஸ் 200 வோல்ட் என்கிறார். எங்கள் மூன்று பேஸ் 400 தானே? என்ன செய்யலாம்?

வட்டக்கச்சி வெல்டர்:
பார்த்தீர்களா மாங்குளம்? 400. இப்போது சொல்லுங்கள், நேரே கொழுவலாமா?

மாங்குளம் கராஜ்:
நான் சொன்னது 230 க்கு. 400 க்குச் சொன்னேனா? எழுதினதை ஒழுங்காக வாசியுங்கள். என் மெசின் இன்றைக்கும் ஓடுகிறது.

புதுக்குடியிருப்பான்:
தம்பி, ஏசி இருக்கிறதா என்று கேட்டீர்களா?

மாங்குளம் கராஜ்:
புதுக்குடியிருப்பான், நீங்கள் என்னிடமிருந்து கொண்டுபோன ஆகன் சிலிண்டர் றெகுலேற்றர் இன்னும் வரவில்லை. அதை எப்போது தருவீர்கள்?

புதுக்குடியிருப்பான்:
அதன் மீற்றர் முள் அசையவே இல்லை. அப்படியே தந்துவிட்டு இப்போது கேட்கிறீர்கள்.

வட்டக்கச்சி வெல்டர்:
மாங்குளம், 244 க்கு இன்னும் பதில் வரவில்லை.