நினைக்கக் கூடாது என்று இருந்தால் ஏன் அதுவே வருகிறது?

எல்லைக்காரி (கொழிஞ்சாம்பாறை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சித்தூர் தாலூக்காவில் தமிழ் வழியில் படித்துவிட்டு, பாலக்காட்டில் ஒரு பரிசோதனைக்கூடத்தின் முகப்பில் வேலை பார்க்கிறேன். மலையாளம் தங்குதடையின்றிப் பேசுவேன், எழுதும்போதுதான் தடுமாற்றம். மூன்று மாதங்களுக்கு முன், பரிசோதனை முடிவு மாலை நாலு மணிக்குக் கிடைக்கும் என்று அறிவிப்புப் பலகையில் எழுதச் சொன்னார்கள். நமக்குப் 'பலம்' என்றால் ஒரே 'ப'தான். மலையாளத்திலோ முடிவைக் குறிக்கும் பலத்துக்கு ஓர் எழுத்து, வலிமையைக் குறிக்கும் பலத்துக்கு வேறோர் எழுத்து. நான் வலிமையை எழுதிவிட்டேன். நாலு மணிக்கு வலிமை கிடைக்கும் என்று மதியம் வரை அந்தப் பலகை தொங்கியது. உடன் வேலை செய்யும் அக்கா சிரித்துக்கொண்டே, "தமிழத்தியல்லே, போட்டே" (தமிழ்ப் பெண்தானே, போகட்டும்) என்று ஈரத்துணியால் துடைத்தார். அவர் கெட்டவர் அல்லர்.

அன்றிலிருந்து 'நான் எதற்கும் லாயக்கில்லாதவள்' என்ற நினைப்பு ஓயவில்லை. வந்தவுடன் தலையை உதறுவேன், பாட்டுக் கேட்பேன், நூறிலிருந்து பின்னோக்கி எண்ணுவேன். பகலில் ஒருவாறு அடங்குகிறது. ஊர் திரும்பும் பேருந்தில் சன்னல் ஓரம் கண்ணை மூடியதும் இரண்டு மடங்காக வருகிறது. நல்லதையே நினை என்கிறார் அம்மா. கண்ணாடி முன் நின்று 'நான் திறமைசாலி' என்று பத்து முறை சொல்லியும் பார்த்தேன். சொல்லச் சொல்ல அழுகைதான் வந்தது. ஒரு நினைப்பை அடக்கத் தெரியாதது என் மனத்தின் பலவீனமா?

ஏலத்தோட்டம் (குமுளி) எழுதியது:

சகோதரி, குரங்கை நினைத்துக்கொண்டு மருந்து குடிக்காதே என்று வைத்தியர் சொல்லி அனுப்பிய கதையை நாம் எல்லோரும் சிறு வயதில் கேட்டிருக்கிறோம். அதுவரை குரங்கையே நினைத்திராத நோயாளிக்கு, அதன்பின் மருந்தை எடுத்தபோதெல்லாம் குரங்கு வந்து உட்கார்ந்துகொண்டது. இதையே டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் டெக்சாஸில் உள்ள டிரினிட்டி பல்கலைக்கழகத்தில் சோதனையாக நடத்தி 1987இல் வெளியிட்டார். அங்கே குரங்குக்குப் பதிலாக வெள்ளைக் கரடி. ஐந்து நிமிடம் மனத்தில் ஓடுவதை எல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்; கரடியை மட்டும் நினைக்கக் கூடாது; நினைத்தால் மணியை அடிக்க வேண்டும். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியமானது அடுத்த ஐந்து நிமிடம். இப்போது நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முதலில் அடக்கியவர்களுக்கு, தொடக்கத்திலேயே நினைக்க விடப்பட்டவர்களைவிட அதிகமாகக் கரடி வந்தது.

1994இல் அவர் தந்த விளக்கம் உங்கள் பேருந்துக்கு அப்படியே பொருந்தும். அடக்கும்போது மனத்தில் இரண்டு வேலைகள் நடக்கின்றன: ஒன்று வேறு எதையாவது தேடிப் பிடிப்பது, மற்றொன்று விலக்கியது உள்ளே வந்துவிட்டதா என்று காவல் காப்பது. எங்கள் ஊர்ச் சோதனைச்சாவடியில் ஒரு வண்டியை விடக் கூடாது என்று உத்தரவு வந்தால், காவலுக்கு நிற்பவர் அந்த வண்டியின் எண்ணை நாள் முழுவதும் மறக்காமல் வைத்திருந்தாக வேண்டும் அல்லவா, அதுபோலத்தான் இந்த இரண்டாவது வேலை. தேடிப் பிடிப்பதற்கு முயற்சி வேண்டும். காவலுக்கு முயற்சி வேண்டாம், அது தானாக ஓடும். நாள் முழுக்க முகப்பில் நின்று களைத்தபின் முயற்சி ஓய்கிறது, காவல் மட்டும் விழித்திருக்கிறது. ஆகவே இது பலவீனம் அன்று. எல்லோருடைய மனமும் இப்படித்தான் வேலை செய்கிறது.

வெக்னரின் அந்த 1987 ஆய்வில், கரடி வரும்போது சிவப்பு வோக்ஸ்வாகன் காரை நினையுங்கள் என்று குறிப்பாக ஒன்றைக் கொடுத்தபோது, பிறகு கரடி பெருகி வருவது குறைந்தது. கண்ணில் பட்டதை எல்லாம் பிடித்துக்கொண்டால், பிறகு அவை ஒவ்வொன்றும் விலக்கியதை நினைவூட்டுகின்றன. நீங்களோ பாட்டு, எண்ணிக்கை, தலை உதறல் என்று மாற்றிக்கொண்டே இருக்கிறீர்கள். இன்னொன்று: மனச்சோர்வில் இருப்பவர்கள் ஒரு கசப்பான நினைப்பிலிருந்து தப்ப இன்னொரு கசப்பான நினைப்பையே எடுத்துக்கொள்கிறார்கள் என்று 1988இல் வென்ஸ்லாஃப் என்பவர் வெக்னருடன் சேர்ந்து காட்டினார். உங்களிடமும் அது நடக்கிறதா என்று கவனித்துப் பாருங்கள்.

விசைத்தறி (நகரி) எழுதியது:

கண்ணாடி விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். கனடாவில் ஜோவான் வுட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக எண்ணியவர்கள் 'நான் அன்புக்குரியவன்' என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர்களுடைய மனநிலை மேலும் தாழ்ந்தது. உயர்வாக எண்ணியவர்களுக்கே சற்று உதவியது. பசித்தவனிடம் வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்லச் சொன்னால் வயிறுதான் முதலில் மறுக்கும்.

நான் தெலுங்கு வழியில் படித்தவன், வீட்டில் தமிழ். தறிக் கணக்கைத் தமிழில் எழுதினால் அங்கே சிரிப்பார்கள், தெலுங்கில் எழுதினால் திருத்தணிச் சொந்தங்கள் சிரிப்பார்கள். எனக்கு உதவியது ஒரு சிறிய இலக்கணத் தந்திரம். 'நான் லாயக்கில்லாதவன்' என்று வரும்போது அதைத் துரத்தாமல், கடைசியில் 'என்று ஒரு நினைப்பு வருகிறது' என்று சேர்த்துவிடுவேன். தீர்ப்பாக நின்ற வாக்கியம், நான் பார்க்கிற பொருளாகிவிடும். ஸ்டீவன் ஹேஸ் என்ற உளவியலாளர் வளர்த்தெடுத்த, ஏற்பை அடிப்படையாகக் கொண்ட சிகிச்சையில் இதை நினைப்பிலிருந்து விலகி நின்று பார்ப்பது என்கிறார்கள். தமிழில் 'என்று' என்ற ஒரு சொல் பாதி வேலையை முடித்துவிடுகிறது, தெலுங்கில் 'அனி'.

பழைய கொல்லம் ரயில் (செங்கோட்டை) எழுதியது:

மேலே உள்ளவற்றை வைத்து, அடக்குவதே தவறு என்று முடிவுகட்ட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். கேம்பிரிட்ஜில் ஸுல்கைடா மமத், மைக்கேல் ஆண்டர்சன் ஆகியோர் 16 நாடுகளைச் சேர்ந்த 120 பேருக்கு மூன்று நாள் பயிற்சி அளித்து 2023இல் வெளியிட்ட ஆய்வு, இதற்கு எதிரான திசையில் செல்கிறது. தாங்கள் அஞ்சும் நிகழ்ச்சியை நினைவூட்டும் சொல்லை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே, அந்தக் காட்சி மனத்தில் விரியாமல் நிறுத்தப் பழகியவர்களுக்கு, அந்த அச்சங்களின் தெளிவு மங்கியது. அவை பெருகி வரவில்லை. பதற்றம் மிகுந்தவர்களுக்கே பயன் கூடுதலாக இருந்தது.

என் பார்வையில் இரண்டும் மோதவில்லை. அங்கே நிறுத்தப்பட்டது ஒரு காட்சி. சகோதரி அடக்க முயல்வது தன்னைப் பற்றிய ஒரு தீர்ப்பு. ஈரத்துணி பலகையைத் துடைக்கும் காட்சி ஓடத் தொடங்கினால், பலகையைப் பார்த்தபடியே அதை நிறுத்திப் பழகலாம். தீர்ப்பை அப்படி நிறுத்த முடியாது. அதற்குச் சான்று என்ன என்று கேட்க வேண்டும். ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் வகுத்த சிகிச்சை முறை இதைத்தான் செய்கிறது. ஓர் எழுத்துப் பிழையிலிருந்து 'எதற்கும்' என்ற சொல் எப்படி வந்தது?

உறக்கமும் பசியும் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

எல்லைக்காரி (கொழிஞ்சாம்பாறை) எழுதியது:

மூவருக்கும் நன்றி. உறக்கம் கெடவில்லை. 'எதற்கும்' என்ற சொல்லை நான் கவனித்ததே இல்லை. என் சொந்தத் தங்கை இதே பிழையைச் செய்திருந்தால் அந்தச் சொல்லை அவளிடம் சொல்லியிருக்க மாட்டேன். விசைத்தறி அண்ணன் சொன்ன 'என்று'வை ஒரு வாரமாகப் பேருந்தில் பயன்படுத்துகிறேன். நினைப்பு வருவது நிற்கவில்லை. ஆனால் அதோடு மல்லுக்கட்டாததால், சில நாள் ஊர் வருவதற்குள் வேறெதையோ யோசித்துக்கொண்டிருக்கிறேன், சில நாள் இல்லை.

கட்டணத்தைக் குறிக்கும் 'பீஸ்' என்ற சொல்லுக்கும் அதே எழுத்துதான் என்று அக்கா சொன்னார். நேற்று அந்தப் பலகையை எழுதச் சொன்னார்கள். சாக்பீஸை எடுத்ததும் கை ஒரு நொடி நின்றது. அக்காவைக் கூப்பிட்டு ஒரு முறை எழுதிக் காட்டச் சொல்லிவிட்டு, நானே எழுதி மாட்டினேன்.