புதுப்பிப்பு: பழியை மதர்போர்டு மேல போட்டேன், குற்றவாளி எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள்ள கரண்ட் கொடுக்கிற பெட்டி)

போன மாசம் புலம்பியிருந்தேன்: புதுசா அசெம்பிள் பண்ண கம்ப்யூட்டர், மூணு வாரத்துல ரெண்டு எஸ்எஸ்டி (டேட்டாவைச் சேமிக்கிற டிரைவ்) காலி, அப்புறம் மதர்போர்டும் (எல்லா பாகத்தையும் இணைக்கிற மெயின் போர்டு) போச்சு. முதல் எஸ்எஸ்டி போனப்பவே, "மன்னார்குடி பக்கம் பம்புசெட் ஓடுற நேரம் லைன் வோல்டேஜ் ஆடும், ஸ்டெபிலைசர் வாங்கு"ன்னு பாதி பேர் சொன்னீங்க. வாங்கினேன். அதுக்கப்புறம்தான் ரெண்டாவது எஸ்எஸ்டி செத்துச்சு.

நேத்து கும்பகோணத்துல ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட எஸ்எம்பிஎஸ்ஸை எடுத்துட்டுப் போனேன். போர்டு இல்லாமலே அது ஆன் ஆக பச்சை ஒயரையும் கருப்பையும் இணைச்சு, மல்டிமீட்டர் வச்சு வோல்டேஜ் பார்த்தார். 5 வோல்ட் வர வேண்டிய சிவப்பு ஒயர்ல 5.1. எல்லாம் சரி. நானும் வீட்ல இதையேதான் பார்த்து ஏமாந்தேன். அவர் சிரிச்சுட்டு, பழைய டிராக்டர் ஹெட்லைட் பல்பு ரெண்டை, ஒவ்வொண்ணும் 12 வோல்ட் 55 வாட், 12 வோல்ட் வர்ற மஞ்சள் ஒயர்ல லோடா மாட்டினார். மஞ்சள் 11.2க்கு இறங்குச்சு, சிவப்பு 5.8க்கு ஏறிடுச்சு! ரெண்டுக்கும் 5 சதவீதம்தான் விலகலாம். அதாவது 5 வோல்ட் லைன் 5.25 தாண்டவே கூடாது.

மலிவான எஸ்எம்பிஎஸ்ல 12க்கும் 5க்கும் கட்டுப்பாடு ஒண்ணாவே இருக்குமாம். கேம் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு 12 வோல்ட் லைன்ல நிறைய கரண்ட் இழுக்கும், அது இறங்கும். அதை ஈடுகட்டப் போய் 5ஐயும் சேர்த்து ஏத்திவிடும். சாட்டா (கேபிள்ல மாட்டுற வகை) எஸ்எஸ்டி சாப்பிடுறது அந்த 5ஐத்தான். வோல்டேஜ் ரொம்ப ஏறினா தானா நிறுத்துற ஓவர் வோல்டேஜ் பாதுகாப்பும் என்னோடதுல 5.8க்கு நிறுத்தல.

கடைக்காரர் எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாத்தித் தர்றாராம். மத்தது என் தலையெழுத்து. போர்டு வாரண்டிக்குப் போயிருக்கு. ராம் (மெமரி) தப்பிச்சுதான்னு போர்டு வந்தாத்தான் தெரியும்.