மறு: [கலைச்சொல்] ஷார்ப்ஸ் – வெள்ளை டப்பா மேல் என்ன எழுதுவது?

திருத்துநர் எழுதியது:

வணக்கம். படுக்கை வசதி இல்லாத சிறு கிளினிக்குகளில் ஒட்ட ஒரு சுவரொட்டி, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 2016 உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளில், எந்தக் கழிவு எந்த நிறப் பைக்கு அல்லது டப்பாவுக்கு என்று சொல்லும் முதல் அட்டவணையைத்தான் சுருக்கியிருக்கிறேன். மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் ஒப்பேறிவிட்டன. வெள்ளையில் மாட்டிக்கொண்டேன். ஷார்ப்ஸுக்கு (ஊசி, பிளேடு போலக் குத்தும், வெட்டும் கழிவு) இப்போதைக்கு ‘கூர்ங்கழிவு’ என்று போட்டிருக்கிறேன். டப்பா லேபிளுக்கும் இதே சொல்தான், ஆகவே சின்னதாக வேண்டும்.

நன்னூலான் எழுதியது:

கூர்மை + கழிவு: ஈறு போய், இனம் மிகுந்து கூர்ங்கழிவு. கருங்குயில் போல. புணர்ச்சி இடிக்கவில்லை, பொருள்தான் இடிக்கிறது. ‘கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்’ என்பது தொல்காப்பிய உரியியல். அன்புகூர்தலில் வரும் கூர், கழிபேருவகையில் வரும் கழி, இரண்டுமே மிகுதிப் பொருளன. தாங்கள் ஊசி டப்பாவின் மேல் ‘மிகுதியோ மிகுதி’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதே உரியியலில் ‘வையே கூர்மை’ என்றும் இருக்கிறது. ‘வைந்நுதி’ சங்கப் பாட்டில் பயின்ற சொல். கூரிய முனை என்று பொருள், நான்கே எழுத்து. இதைவிடச் சின்னதாக என்ன வேண்டும்?

வார்டு அக்கா எழுதியது:

ஐயா, வைந்நுதி என்று ஒட்டினால் எங்கள் ஆயாம்மா ‘எதை வைக்கணும்?’ என்றுதான் கேட்பார். வார்டில் அதன் பெயர் ஊசி டப்பா. அதையே போட்டுவிடலாமே.

நன்னூலான்:

வழக்கில் இருப்பதையே எழுதுவதென்றால் இக்குழு எதற்கு? மேலும் பிளேடு ஊசியா?

வார்டு அக்கா:

பிளேடு ஊசி இல்லைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘கூர்’ என்று பொதுவாகப் போட்டால் வேறு தொல்லை வரும். உடைத்த ஆம்பியூல் (கழுத்தை முறித்துத் திறக்கும் கண்ணாடி மருந்துக்குப்பி) கூர்மையா இல்லையா? விரலைக் கிழிக்கிறதே! உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையில் உடைந்த கண்ணாடியும் ஷார்ப்ஸ்தான். நம் அட்டவணையில் அப்படியில்லை. கண்ணாடி வயல் (மருந்துப் புட்டி), ஆம்பியூல் எல்லாம் நீலம். கூர்ங்கழிவு என்று எழுதிய டப்பாவில் ஆம்பியூலைப் போடுகிறவரை எப்படிக் குறை சொல்வது? லேபிள் சொன்னதைத்தானே செய்தார்.

கிருமிநீக்கி எழுதியது:

அக்கா சொல்வதற்கு எங்கள் பக்கத்துக் காரணம் இது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வழி. வெள்ளை டப்பா ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்) அல்லது உலர் வெப்பத்துக்குப் பிறகு துண்டாக்கப்பட்டு இரும்பு வார்ப்பாலைக்குப் போகும். இல்லையென்றால் சிமென்ட் கலவைக்குள் அடைபடும். நீலத்தில் வருவது சோப்பும் ஹைப்போவும் (குளோரின் சேர்ந்த கிருமிநாசினிக் கரைசல்) போட்டுக் கழுவப்பட்டோ ஆட்டோகிளேவ் ஆகியோ கண்ணாடி மறுசுழற்சிக்குப் போகும். வெள்ளையில் கண்ணாடி வந்தால் வார்ப்பாலைக்காரர் அந்தச் சரக்கை விரும்ப மாட்டார், அவ்வளவுதான். நீலத்தில் ஊசி வந்தால் கண்ணாடி அலசுகிறவர் கையில் ஏறும். சிவப்பில் வந்தால் இன்னும் மோசம். சிவப்பு வெறும் பிளாஸ்டிக் பை; தூக்குகிற இடமெல்லாம், கடைசியில் துண்டாக்கும் எந்திரத்தருகே வரை, குத்தும்.

எனவே சொல்லில் உலோகம் வந்தாக வேண்டும். விதியும் உலோகத்தைச் சேர்த்துத்தான் சொல்கிறது. ‘உலோகக்கூர்’ என் முன்மொழிவு.

நன்னூலான்:

உலோகம் வடசொல். ‘மாழை’ இருக்கிறது.

திருத்துநர்:

மாழைக்கு மாமரம் என்றும் பொருள் உண்டு ஐயா. மாழைக்கூர் என்றால் மாங்கொட்டையைப் போட்டுவிடப் போகிறார்கள்.

நன்னூலான்:

நகையாடலாம். கணினி வந்தபோதும் இப்படித்தான் நகைத்தார்கள். இன்று யார் நகைக்கிறார்கள்?

வார்டு அக்கா:

கணினி என்ற சொல் புரியாவிட்டால் யாருக்கும் ஹெபடைடிஸ் பி வராது ஐயா.

சொல் எதுவானாலும், கீழே பொடி எழுத்தில் இந்த வரிகள் இருக்கட்டும், தம்பி. ஊசி போட்டதும் மூடியைத் திரும்ப மாட்டக் கூடாது; பலர் குத்திக்கொள்வது அங்கேதான். அப்படியே ஹப் கட்டரில் (ஊசியை அடியோடு வெட்டும் கருவி) நுழைத்து வெட்டினால் ஊசியும் அது பொருந்தும் ஹப்பும் டப்பாவில் விழும், சிரிஞ்சின் குழல் சிவப்புக்குப் போகும். இன்சுலின் சிரிஞ்சில் ஊசி கழற்ற வராது, அதனால் முழுசாக வெள்ளை. ஸ்கால்ப் வெயின் செட் (மெல்லிய குழாயோடு சேர்ந்த ஊசி) வந்தால் ஊசியை வெட்டி வெள்ளையில், குழாயைச் சிவப்பில். லான்செட் (விரல்நுனியில் குத்தி ரத்தம் எடுக்கும் ஊசி), தையல் ஊசி, சர்ஜிக்கல் பிளேடு எல்லாம் வெள்ளை. ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள். சிரிஞ்ச் சுற்றி வந்த காகித உறை சாதாரணக் குப்பை. அதை மஞ்சளில் போட்டுப் போட்டுத்தான் பை சீக்கிரம் நிரம்புகிறது. புற்றுநோய் மருந்து இருந்த வயல் மட்டும் நீலத்துக்குப் போகாது, தனிக்குறியோடு மஞ்சள்.

டப்பா முக்கால் நிரம்பியதும் மூடிவிட வேண்டும். அழுத்தி அடைக்கக் கூடாது, இன்னொன்றில் கொட்டவே கூடாது.

திருத்துநர்:

சேர்த்துவிடுகிறேன் அக்கா. ‘48 மணி நேரத்துக்குள் அனுப்பவும்’ என்று எல்லா நிறத்துக்கும் பொதுவாகப் போட்டிருக்கிறேன், சரிதானே?

கிருமிநீக்கி:

இல்லை. விதியில் 48 மணி நேரம் உடலுறுப்பு, விலங்குக் கழிவு, ரத்தம் முதலியன பட்ட கழிவு, உயிரித்தொழில்நுட்பக் கழிவு ஆகியவற்றுக்குத்தான். நாளொன்றுக்கு நாலு ஊசி போடும் கிளினிக்கில் பாதி டப்பாவை இரண்டு நாளுக்கொரு முறை எடுக்கச் சொன்னால் அவர்கள் சேர்த்துவைத்துக் கொட்டத்தான் செய்வார்கள். அந்த வரியை மஞ்சளுக்கு மட்டும் வையுங்கள். இன்னொன்று, மஞ்சள் பையில் ஹைப்போ தெளிக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது எரிக்கப் போகிற பை. குளோரின் உள்ளே போனால் டையாக்சின் என்ற நச்சுக்கு வழி. பையே குளோரின் சேராத பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும் என்று விதி வைத்ததற்கும் அதுதான் காரணம்.

நன்னூலான்:

குறுக்கிடுவதற்குப் பொறுக்க. வரைவில் ‘ஒளிபுகும் வெள்ளைக் கலன்’ என்றிருக்கிறது. ஒளிபுகும் என்றால் கண்ணாடி போல மறுபக்கம் தெரிவது. இது மங்கலாகத் தெரிவது. பள்ளிப் பாடநூல் வழக்கில் ஒளிகசியும்.

கிருமிநீக்கி:

இது நியாயம். எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியத்தான் அப்படி.

திருத்துநர்:

ஒளிகசியும் ஏற்கப்பட்டது. லேபிளுக்கு வாக்கெடுப்பு: கூர்ங்கழிவு 2, உலோகக்கூர் 3, ஊசி டப்பா 4, வைந்நுதி 1. பெரிய எழுத்தில் ‘ஊசி, பிளேடு’, அடியில் ‘உலோகக்கூர் மட்டும், கண்ணாடி வேண்டாம்’ என்று வைத்து முடித்துவிடுகிறேன். படமும் போடுகிறோம்.

நன்னூலான்:

வாக்கெண்ணிச் சொல்லாக்குவதை ஏற்கவில்லை என்று பதிவு செய்கிறேன். பின்னிணைப்பிலாவது வைந்நுதி இடம்பெறுக.

வார்டு அக்கா:

பின்னிணைப்பில் தாராளமாக ஐயா.

கிருமிநீக்கி:

அச்சுக்குப் போகுமுன் ஒன்று. எலும்பு முறிவுக்குப் போட்டு எடுக்கும் கம்பி, ஆணி, பிளேட் (தகடு): உடலில் பொருத்திய உலோகம் என்பதால் அட்டவணைப்படி நீலம். அந்தக் கம்பிக்கு முனை ஊசி மாதிரிதான் இருக்கும். உலோகமும்கூட, கூரும்கூட. ‘உலோகக்கூர் மட்டும்’ என்றால் எங்கே போடுவார்கள்?

திருத்துநர்:

சிறு கிளினிக்கில் அது வராது. ஆஸ்பத்திரிச் சுவரொட்டிக்கு வேறு இழை தொடங்குங்கள், புண்ணியமாய்ப் போகும்.