பைசாந்தியத்தில் எந்தக் காலத்தைப் பிடித்துக்கொள்வது?

நண்பர்களே, ஒரு உதவி. மூன்று மாதமாகப் பைசாந்தியப் பேரரசு (கிழக்கு ரோமானியப் பேரரசு) பற்றிப் படிக்கிறேன், இப்போது எந்தக் காலத்தில் ஆழமாக இறங்குவது என்று தெரியாமல் முழிக்கிறேன். எல்லாரும் ஆறாம் நூற்றாண்டுப் பேரரசர் ஜஸ்டினியனைச் சொல்கிறார்கள். சரி, 532-இல் நிகா கலவரத்தில் தலைநகரில் பாதி எரிந்து, 537-க்குள் ஹாகியா சோபியா பேராலயம் எழுந்து நின்றது பெரிய விஷயம்தான். பிற்காலப் பேரரசர் இரண்டாம் பாசிலின் போர் வெற்றிகளும் அப்படித்தான். ஆனால் என் மனசு என்னவோ 1204-இல் சிலுவைப் போர்க்காரர்கள் தலைநகர் கான்ஸ்டாண்டிநோபிளைச் சூறையாடியதற்குப் பிந்தைய கதையில்தான் சிக்கிக்கொண்டது. 1343-இல் மணிமுடி நகைகளை வெனிஸில் அடகு வைத்துவிட்டார்கள், நாலு வருடம் கழித்து பேரரசர் ஆறாம் ஜான் முடிசூடியபோது மணிமுடியில் பதித்திருந்தது வெறும் கண்ணாடிக் கற்கள், விருந்துக்கு மண் பாத்திரம்! (அந்த நகைகளைக் கடைசிவரை மீட்கவே இல்லை.) இவ்வளவு நொடிந்தவர்கள், 1453-இல் ஒட்டோமான் துருக்கியர் நகரைப் பிடிக்கும் வரை எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? மதில் மட்டும்தானா, இல்லை 1402-இல் மத்திய ஆசியாவிலிருந்து வந்த தைமூர் அங்காராவில் ஒட்டோமான் சுல்தானைத் தோற்கடித்ததால் கிடைத்த அவகாசமா? அந்தக் கடைசி இருநூறு வருடத்தைப் படித்தவர்கள் யாராவது, எங்கிருந்து தொடங்கலாம் என்று சொல்லுங்கள். தமிழில் ஏதாவது இருந்தால் ரொம்ப நல்லது. அப்புறம், ஜஸ்டினியனை விட்டுவிட்டு நேராக அங்கே போனால் ஏதாவது புரியாமல் போகுமா?