மான் வேட்டையில் உடம்பு வாடை: குளியலும் ஸ்பிரேயும் போதவில்லையே?

ஓடைக்கரை எழுதியது:

வணக்கம். முறையாக உரிமம் எடுத்து, வில்லோடு மான் வேட்டைக்குப் போக ஆரம்பித்திருக்கிறேன். வாடை விஷயத்தில் கேள்விப்பட்டதையெல்லாம் செய்துவிட்டேன். வாசனை சேர்க்காத சோப்பு, தனியாகத் துவைத்த உடுப்பு, அதை வைக்க இறுக மூடும் பெட்டி, கரி அடுக்கு உள்ள ஜாக்கெட், பரணில் ஏறும் முன் ஸ்பிரே.

பரண் மலைச்சரிவின் நடுவில் இருக்கிறது. மான் தடம் எனக்குக் கீழே, ஓடையை ஒட்டிப் போகிறது. காலையில் ஒரு தொந்தரவும் இல்லை, நிதானமாக மேய்ந்துகொண்டே போகின்றன. மாலையில்தான் சிக்கல். வெயில் இறங்கியதும் வருகின்றன. சட்டென நின்று தலையைத் தூக்குகின்றன, முன்னங்காலால் தரையைத் தட்டுகின்றன, 'புஸ்' என்று சீறிவிட்டு ஓடிவிடுகின்றன. போனில் பார்த்தால் காற்று மேட்டுப் பக்கமாகத்தான் அடிக்கிறது. அடுத்து, வாடையைப் போக்க ஓசோன் வாயுவை விடும் இயந்திரம் வாங்கலாமா?

பரண்வாசி எழுதியது:

தம்பி, எதையும் வாங்காதீர்கள். உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது: காலையில் சரி, மாலையில் சரியில்லை. குளியலும் ஜாக்கெட்டும் இரண்டு வேளையும் அதேதான். மாறுவது காற்று மட்டும்.

போனில் காட்டுவது பெரிய பரப்புக்கான காற்று. உங்கள் சரிவில் நடப்பது வேறு. காலை வெயில் பட்டதும் தரை சூடாகி, அதை ஒட்டிய காற்று மேலே ஏறும். உங்கள் வாடையையும் தூக்கிக்கொண்டு போய்விடும், கீழே போகிற மானுக்கு ஒன்றும் தெரியாது. மாலையில் நிழல் விழுந்ததும் தரை குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனம், அது தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்து வடியும். அந்த நேரத்தில் பெருங்காற்றும் ஓய்ந்துபோகும், எதிர்த்துத் தள்ள ஆளில்லை. அப்புறம் என்ன, உங்கள் வாடை நேராக ஓடைக்கு இறங்கி, மான் தடத்தின் மேலேயே நிற்கிறது.

நம்ப வேண்டாம், பார்த்துவிடுங்கள். எருக்கு இனச் செடிகளின் காயில் இருக்கும் பஞ்சைச் சிறு டப்பாவில் கொண்டுபோங்கள். பரணில் இருந்தபடி ஒரு இழையை விடுங்கள். பொடி தூவும் குப்பியை விட இது மேல், பொடி கையெட்டும் தூரத்தில் மறைந்துவிடும், பஞ்சு வெகுதூரம் கண்ணுக்குத் தெரியும். முதலில் அது போன் சொன்ன திசையில் மிதந்து போகும். நிழலுக்குள் நுழைந்ததும் நின்று தயங்கும். பிறகு தாழ்ந்து, திரும்பி, உங்கள் காலுக்கு அடியிலேயே வந்து ஓடைப் பக்கம் இறங்கும். அந்த இழை போகும் பாதைதான் உங்கள் வாடை போகும் பாதை.

அதனால் மாலைக்குத் தனியாக ஒரு இடம் பாருங்கள், தடத்துக்குக் கீழே. இப்போதிருக்கும் பரண் காலைக்கு இருக்கட்டும். கிழக்குப் பார்த்த சரிவு என்றால் நிழல் சீக்கிரம் விழும், சூரியன் மறையக் காத்திருக்காமல் காற்று இறங்க ஆரம்பித்துவிடும்.

வாடையைக் 'கொல்லும்' என்று விளம்பரம் செய்கிறார்களே, அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். 2014-இல் வந்த ஒரு ஆய்வில் மோப்பத்துக்கான மரபணுக்களை எண்ணிப் பார்த்தார்கள். மனிதருக்கு ஏறக்குறைய 400, நாய்க்கு 800, ஆப்பிரிக்க யானைக்கு 2,000 வரை. மானைப் போல அசைபோடும் பசுவுக்கே 1,200 பக்கம். அப்படிப்பட்ட மூக்கை, அதுவும் நாக்கால் நக்கி ஈரமாகவே வைத்திருக்கும் மூக்கை, ஒரு குப்பி ஸ்பிரேயால் ஏமாற்றிவிட முடியுமா? சுத்தமாக இருப்பது நல்லதுதான். வாடை குறைந்தால் மான் உங்களைத் தூரத்து ஆள் என்று நினைத்து இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாம். அவ்வளவுதான் அதன் பலன்.

மலைப்பாதை எழுதியது:

பரண்வாசி அண்ணா சொன்னதற்கு மேல் ஒரு விஷயம். பரணுக்கு எப்படி நடந்து போகிறீர்கள்? ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஏறினால் மேலே போவதற்குள் முதுகெல்லாம் நனைந்துவிடும். புது வியர்வைக்கு வாடை கிடையாது என்றே சொல்லலாம். தோலில், முக்கியமாக அக்குளில், இருக்கும் பாக்டீரியாக்கள் அதில் உள்ளதைச் சிதைத்த பிறகுதான் நாற்றம். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நேரம் முழுக்க அந்த வேலைதான் நடக்கிறது.

நான் மெல்லிய கம்பளி உள்சட்டையோடு மட்டும் மெதுவாக ஏறுவேன், மீதியெல்லாம் பையில். மேலே போய் உடம்பைத் துடைத்து, உலர்ந்த சட்டை மாற்றி, அதன் மேல் ஜாக்கெட். பாலியெஸ்டர் உள்சட்டை வேண்டாம், கம்பளியை விட அது நாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தலைமுடியையும் தொப்பியையும் மறக்காதீர்கள், பலரும் தொப்பியைத் துவைப்பதே இல்லை. காலில் ரப்பர் பூட்ஸ். மான் தடத்தைக் குறுக்கே மிதித்துப் போகாமல் சுற்றிப் போங்கள், புல்லையும் புதரையும் கையால் விலக்காதீர்கள்.

ஓசோன் பற்றி: அது வாடை மூலக்கூறுகளைச் சிதைப்பது உண்மை. ஆனால் நுரையீரலுக்குக் கெடுதல், ரப்பரிலும் வெடிப்பு விழ வைக்கும். அடைத்த இடத்தில் அதோடு இருக்கவே கூடாது.

ஓடைக்கரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. என் சரிவு கிழக்குப் பார்த்ததுதான்! இரண்டு சந்தேகம். கரி ஜாக்கெட்டை டிரையரில் போட்டால் புதிதாகிவிடும் என்கிறார்களே? அப்புறம், ஓடைப் பக்கம் இறங்கி உட்கார்ந்தால் காற்று சுழலாதா?

பரண்வாசி எழுதியது:

கரி வாடையைத் தன் நுண்துளைகளில் பிடித்து வைக்கும், நிறைந்துவிட்டால் நின்றுபோகும். அதை முழுசாக வெளியேற்ற பல நூறு டிகிரி சூடு வேண்டும். வீட்டு டிரையர் அந்தச் சூட்டுக்குப் போகாது, போனால் துணி மிஞ்சாது. ஓரளவு பலன் இருக்கலாம், புதிதாகும் என்று எண்ண வேண்டாம். எப்படியும் மூச்சுக் காற்று வெளியேதானே போகிறது.

சுழல்வது பற்றி நல்ல கேள்வி. இரண்டு ஓடைகள் கூடும் இடம், குறுகிய பள்ளத்தாக்கு, மேட்டுக்கு மறுபக்கம், காட்டின் விளிம்பு, இங்கெல்லாம் காற்று புரண்டு திரும்பும். பள்ளத்தின் அடிமட்டத்தில் உட்காராதீர்கள். ஓடை இறங்கிப் போகும் திசையில், மான் தடம் முடிந்து கொஞ்சம் தள்ளி, கரை அகலமாகத் திறந்த இடமாகப் பாருங்கள். வடிகிற காற்று உங்களைத் தாண்டிக் கீழே போக வேண்டும். மணிக்கு 10 முதல் 20 கிலோமீட்டர் வரை ஒரே சீராக அடிக்கும் காற்றைத்தான் நான் விரும்புவேன். இலை அசையாத மாலையை விட அதை நம்பலாம்.

இன்னொன்று, இதை மனதார வேண்டிக் கேட்கிறேன். தலை தூக்கிக் காலைத் தட்டும் மானின் மேல் அம்பு விடாதீர்கள். உடம்பு முறுக்கேறி நிற்கும், நாண் சத்தம் கேட்ட நொடியில் பதுங்கிப் பாயும், அம்பு பட வேண்டிய இடத்தில் படாது. காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து சாகும். வாடை பிடித்துவிட்டது என்று தெரிந்தால் வில்லை இறக்கிவிடுங்கள்.

புது இடத்தில் பரண் கட்டும் முன், வில்லை எடுத்துப் போகாத ஒரு மாலை அங்கே பஞ்சோடு மட்டும் போய் உட்காருங்கள். நிழல் விழுவதற்கு முன்பிருந்து இருட்டும் வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு இழை விட்டு, எது எங்கே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பை இங்கே போடுங்கள், எந்த மரம் என்று சேர்ந்தே பார்ப்போம்.